ஹிசாரில் சுருண்ட நுனி இலைகள்: வெள்ளை ஈ பரப்பும் வைரஸுக்கு எதிராக உருளைக்கிழங்கு இரகங்களைச் சோதித்தல் – ஒரு நிகழ்வு ஆய்வு

1999ஆம் ஆண்டு ஹரியானாவின் ஹிசார் வட்டாரத்தில், உருளைக்கிழங்குச் செடிகளின் நுனி இலைகள் சுருண்டு, சுருக்கம் விழுந்து, இளமஞ்சள் திட்டுகளோடு நிற்பது கவனிக்கப்பட்டது. உருளைக்கிழங்கில் இலை சுருள்வது புதிதன்று. அசுவினி பரப்பும் இலைச்சுருள் வைரஸை வட இந்திய விவசாயிகளும் விதை அலுவலர்களும் நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் அந்த நோய் விதைக்கிழங்கு வழியாக வந்தால் அடியிலைகள்தான் முதலில் விறைத்து, தோல்போலத் தடித்துச் சுருளும். ஹிசாரில் கண்டது வேறு வகை. செடியின் உச்சியில் விரியும் இளந்தளிர்களே பாதிக்கப்பட்டன, அவற்றில் தேமல் தெளிவாகத் தெரிந்தது, வயலில் வெள்ளை ஈக்கள் மண்டிக் கிடந்தன. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த நோயியல் ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இது செடிகளைத் தாக்கும் ஜெமினி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என 2001இல் அறிவித்தனர். நோய்க்கு ‘நுனி இலைச்சுருட்டு’ என்ற பெயர் நிலைத்தது.

இந்த வைரஸுக்கு எந்த உருளைக்கிழங்கு இரகம் தாக்குப்பிடிக்கிறது, அதை எப்படிச் சோதித்தால் நம்பலாம் என்பதே இந்த ஆய்வின் பொருள். விடையின் ஒரு பகுதி முன்பே வயலில் இருந்தது. 1980இல் வெளியிடப்பட்டு, உத்தரப் பிரதேச விவசாயிகளிடையே ‘3797’ என்ற எண்ணாலேயே அறியப்பட்ட குஃப்ரி பஹார் என்னும் பழைய இரகம், சுற்றிலும் மற்ற இரகங்கள் சுருண்டு நின்றபோது பெரும்பாலும் பாதிப்பின்றி நின்றது. அந்த இரகத்தை உருவாக்கியவர்கள் இந்த வைரஸை நினைத்துத் தேர்வு செய்யவில்லை. அப்போது உருளைக்கிழங்கில் இப்படியொரு நோய் பதிவாகவே இல்லை.

பாதுகாப்பான பருவம் பாதுகாப்பற்றதானது எப்படி

இந்தியாவில் விதைக்கிழங்கு உற்பத்தி பற்றிச் சிறிது தெரிந்தால்தான் இந்த நோயின் கடுமை புரியும். ஒரு காலத்தில் நல்ல விதைக்கிழங்கு வேண்டுமென்றால் இமயமலைச் சரிவுகளுக்குத்தான் போக வேண்டும். குளிர் மிகுந்த உயரங்களில் அசுவினி குறைவு என்பதே காரணம். 1950களின் இறுதியில் உருளைக்கிழங்கு ஆய்வாளர் டாக்டர் புஷ்கர்நாத் இதற்கு ஒரு மாற்று வழியை வகுத்தார். சிந்து-கங்கைச் சமவெளியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் இறுதிவரை அசுவினியின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் விதைப்பயிரை நட்டு வளர்த்து, நூறு கூட்டிலைகளுக்கு இருபது அசுவினி என்ற அளவு எட்டுவதற்கு முன் தழையை வெட்டி அகற்றிவிட்டால், வைரஸ் கிழங்குக்கு இறங்குவதற்குள் பயிர் மண்ணுக்கடியில் பத்திரமாகிவிடும். ‘விதைத் திடல் உத்தி’ எனப்படும் இந்த முறையே சமவெளியை நாட்டின் விதைக்கிழங்குக் களஞ்சியமாக்கியது.

அசுவினிக்குத் தப்பிய அதே பருவத்தின் முன்பகுதியில்தான் வெள்ளை ஈ பெருகி நிற்கிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் வெப்பம் தணியாத நாட்களில், பருத்தி போன்ற பயிர்களிலிருந்து வெளியேறும் வெள்ளை ஈக்களுக்கு அப்போதுதான் முளைத்து வரும் உருளைக்கிழங்குத் தளிர் கிடைக்கிறது. குளிர் ஏற ஏற அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. எனவே முந்தி நட்ட வயல்களே அதிகம் அடிபடுகின்றன. சந்தையில் முதல் விலை பெற வேண்டுமென்று செப்டம்பர் கடைசியிலேயே நடும் விவசாயியும், தழையை முன்கூட்டி வெட்ட வேண்டுமென்பதற்காகச் சீக்கிரம் நடும் விதை உற்பத்தியாளரும் ஒருசேர இந்த ஆபத்துக்குள் நிற்கிறார்கள். அசுவினியை அளவுகோலாகக் கொண்ட ஒரு முறைக்கு வெள்ளை ஈயைக் கணிக்கத் தெரியாது. இதனால்தான் மேலாண்மை மட்டும் போதாது, இரகத்திலேயே எதிர்ப்பு வேண்டும் என்ற தேவை எழுந்தது.

வைரஸின் இயல்பு

மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, இது தனியொரு வைரஸ் இனமாக வகைப்படவில்லை. தில்லிப் பகுதியில் தக்காளியில் கண்டறியப்பட்ட ‘தக்காளி இலைச்சுருட்டு புது தில்லி வைரஸ்’ என்பதன் உருளைக்கிழங்கு வடிவம் என்றே தெரிந்தது. அதே இனத்தின் வேறொரு வடிவம் 2012 முதல் ஸ்பெயினில் சுரைக்காய்க் குடும்பப் பயிர்களைத் தாக்கி வருகிறது என்பதிலிருந்து, பயிர் விட்டுப் பயிர் தாவும் அதன் ஆற்றலை உணரலாம். வைரஸின் மரபுப்பொருள் இரண்டு வட்ட டிஎன்ஏ துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 நியூக்ளியோடைடு நீளம். பெருகுவதற்கான புரதங்களும் உறைப்புரதமும் டிஎன்ஏ-ஏ துண்டில் இருக்கின்றன. செல்லின் உட்கருவிலிருந்து வெளியேறி அடுத்த செல்லுக்குச் செல்ல உதவும் புரதங்கள் டிஎன்ஏ-பி துண்டில் இருக்கின்றன.

வெள்ளை ஈ இலையின் அடிப்புறம் அமர்ந்து, சாறு கடத்தும் குழாய்க்குள் ஊசிவாயை இறக்கி உறிஞ்சும்போது வைரஸ் அதன் உடலுக்குள் நுழைகிறது. குடல் சுவரைக் கடந்து, உடல் திரவத்தில் சுற்றி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பின்னரே அந்த ஈ வேறு செடிக்கு நோயைக் கொடுக்க முடியும். அதன் பிறகு நாள்கணக்கில், பெரும்பாலும் ஆயுள் முழுவதும், அது நோய் பரப்பியாகவே இருக்கும். உருளைக்கிழங்கைத் தாக்கும் மற்றொரு வைரஸான ஒய் வைரஸ், அசுவினி சில விநாடிகள் இலையைக் குத்திப் பார்த்தாலே பரவிவிடும். அதன் வழி இதுவன்று. இந்த வேறுபாடு சோதனைக்கு முக்கியமானது. வெள்ளை ஈ ஒரு செடியில் நெடுநேரம் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டியிருப்பதால், இலையின் மயிர், மணம், சாற்றின் சுவை ஆகியவற்றால் ஈ விலகிப்போகும் இரகமும் வயலில் நோயெதிர்ப்பு உள்ளது போலவே தோற்றமளிக்கும்.

‘நோய் வரவில்லை’ என்பதற்கு நான்கு பொருள்

ஒரு வயலில் ஒரு இரகம் பச்சையாக நிற்கிறது என்றால், அதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். ஈ அந்தச் செடிக்கு வரவில்லை. ஈ வந்தது, வைரஸும் நுழைந்தது, ஆனால் செடி அதைப் பெருக விடவில்லை. வைரஸ் ஓரளவு பெருகியது, ஆனால் இலையிலிருந்து கிழங்குக்கு இறங்கவில்லை. அல்லது வைரஸ் நன்றாகவே பெருகியது, கிழங்கிலும் ஏறியது, ஆனால் செடி அறிகுறியைக் காட்டவில்லை. கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுபவருக்கு இந்த நான்கும் ஒன்றாகவே தெரியும். விதை உற்பத்தியாளருக்கோ இவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. முதல் மூன்றும் ஏதோ ஒரு அளவில் உதவும், நான்காவது அவரை அழிக்கும்.

நான்காவது நிலையைத் தாங்குதிறன் என்பர். உண்பதற்கான கிழங்கை விளைவிப்பவருக்கு அது நன்மையாகவே தோன்றும். மகசூல் பெரிதும் குறைவதில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கு அந்தக் கிழங்கையே விதையாக எடுத்து வைத்தால், வைரஸ் முளையோடு கூடவே வந்து, சுற்றுவயல்களின் வெள்ளை ஈக்களுக்கு ஊற்றுக்கண்ணாகிவிடும். வட அமெரிக்காவில் ஒய் வைரஸ் விஷயத்தில் இது நடந்தது. ரஸட் நார்கோட்டா, ஷெப்படி போன்ற இரகங்கள் அந்த வைரஸைத் தாங்கி, மிக மெல்லிய அறிகுறிகளையே காட்டுகின்றன. நோயுற்ற செடிகளைக் கண்டு பிடுங்கி எறியும் வேலை அந்த வயல்களில் பயனற்றுப் போய், வைரஸ் விதைக் கிழங்குகளோடு பரவியது. அறிகுறியை மட்டும் நம்பும் இரகச் சோதனை இப்படிப்பட்ட இரகத்துக்கு நற்சான்று கொடுத்துவிடும் என்பதை இந்தத் துறையில் உள்ளவர்கள் ஒருபோதும் மறக்கக் கூடாது.

வயலில் நடக்கும் சோதனை

ஹிசார் வட்டாரம் ‘நோய் மிகு இடம்’ என்ற நிலையில் சோதனைக்கு ஏற்றதாக அமைந்தது. நோய் ஆண்டுதோறும் தவறாமல் வரும் இடத்தில் நட்டால்தான் இரகங்களின் வேறுபாடு வெளிப்படும். சோதனை வயலில் வழக்கமாகச் செய்ய வேண்டியவற்றுக்கு நேர்மாறானவை செய்யப்படுகின்றன: முந்தி நடுவது, பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பது, சோதனைப் பாத்திகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் எளிதில் நோய்ப்படும் இரகத்தின் வரிசைகளை நட்டு நோயை ஊட்டுவது. பரிசோதிக்கும் ஒவ்வொரு இரகமும் வயலின் பல இடங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற வேண்டும். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் ஈக்கள் குவிவது இயல்பு என்பதால், ஒரே பாத்தியை வைத்து முடிவு கட்டினால் இரகத்தின் குணம் தெரியாது, இடத்தின் ராசிதான் தெரியும்.

ஈக்களை எண்ணுவதற்கு விடியற்காலைப் பொழுதே உகந்தது. வெயில் ஏறிய பிறகு செடியைத் தொட்டால் புகைபோல எழும்பிப் பறந்துவிடும். குளிர்ந்த காலையில் அவை மந்தமாக இருக்கும். மேல்நிலை இலையொன்றின் காம்பை இரு விரல்களால் பிடித்து, குலுக்காமல் மெல்லத் திருப்பி, அடிப்புறத்தில் வெண்சாம்பல் துகள்போல ஒட்டியிருக்கும் ஈக்களை எண்ணி, அதற்குக் கீழே நடு இலையையும் அடியிலையையும் அவ்வாறே பார்த்துப் பதிய வேண்டும். இந்தக் கணக்கு இல்லாத நோய்ப் பதிவு பாதிப் பதிவுதான். ஒரு இரகத்தில் ஈயும் குறைவு, நோயும் குறைவு என்றால் ஒரு முடிவு. ஈக்கள் மற்ற இரகங்களில் உள்ள அளவே இருந்தும் நோய் குறைவு என்றால் முற்றிலும் வேறு முடிவு.

இங்கு ஒரு கண்டிப்பான விதியை வலியுறுத்த விரும்புகிறேன். ஒப்பீட்டுக்கு நட்ட எளிதில் நோய்ப்படும் இரகம் அந்த ஆண்டு பெருமளவு பாதிக்கப்படவில்லை என்றால், அந்த ஆண்டின் சோதனையிலிருந்து எந்த இரகத்தையும் ‘எதிர்ப்பு உள்ளது’ என்று எழுதக் கூடாது. முன்கூட்டியே வந்த குளிரோ, நடவுக்குப் பின் பெய்த மழையோ ஈக்களைக் குறைத்திருக்கலாம். அப்போது எல்லா இரகமும் நல்ல இரகமாகவே தோன்றும். ஒப்பீட்டு இரகத்தின் எண்ணிக்கை இல்லாமல் வெளியாகும் பட்டியல்கள் விவசாயியின் கையில் போய்ச் சேரும்போது விளையும் கேடு சிறிதன்று.

கிழங்கு சொல்லும் சாட்சி

வயற்சோதனையைவிடவும் முக்கியமானது அதன் பின் வரும் கிழங்குச் சோதனை. நடுப்பருவத்துக்குப் பின் நோய் தொற்றிய செடி பெரும்பாலும் அறிகுறியைக் காட்டுவதே இல்லை. ஆனால் வைரஸ் மெதுவாகக் கிழங்கில் இறங்கிவிடுகிறது. அந்தக் கிழங்கை அடுத்த ஆண்டு நட்டால், முளைத்த நாளிலிருந்தே செடி குன்றி, நுனி மட்டுமல்லாமல் இலைகள் அனைத்துமே சுருங்கி நிற்கும். அதன் அடியில் கிடைப்பவை சில சிறு கிழங்குகளே. முதல் தொற்றுக்கும் கிழங்குவழித் தொற்றுக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் நோயின் முழுப் பொருளாதார இழப்பும் அடங்கியிருக்கிறது.

ஆகவே சோதனை வயலின் ஒவ்வொரு பாத்தியிலிருந்தும், அறிகுறி காட்டிய செடி, காட்டாத செடி என்று பிரித்துக் கிழங்குகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கிழங்கிலிருந்தும் ஒரு முளைக்கண்ணோடு கூடிய சிறு துண்டைக் குடைந்தெடுத்து, உறக்க நிலையைக் கலைக்க ஜிப்ரெல்லிக் அமிலக் கரைசலில் நனைத்து, வெட்டுவாய் உலர்ந்ததும் பூச்சி புகாத வலைக்கூடத்தில் நடுவார்கள். முளைத்த செடியில் அறிகுறி உண்டா என்று பார்ப்பதோடு நில்லாமல், தளிரிலிருந்து மாதிரி எடுத்து, வைரஸின் டிஎன்ஏவைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தாய்க்கிழங்கின் எண்ணையே இட்டு வைப்பது அவசியம். அப்போதுதான் வயலில் பச்சையாக நின்ற எந்தச் செடி உள்ளுக்குள் வைரஸைச் சுமந்தது என்று பின்னோக்கிச் சென்று அறிய முடியும்.

குஃப்ரி பஹாரின் சிறப்பு இங்கேதான் வெளிப்பட்டது. ஒரே விதையை ஆண்டுக்கு ஆண்டு அதே வட்டாரத்தில் நட்டு வரும்போது விதையின் தரம் எவ்வளவு விரைவில் வீழ்கிறது என்பதே விதைத்தொழிலின் இறுதி அளவுகோல். மற்ற பல இரகங்கள் இந்த வைரஸால் விரைவாக வீழ்ந்தபோது, குஃப்ரி பஹாரில் அந்த வீழ்ச்சி மிகக் குறைவாகவே இருந்தது. ஒரு பருவத்துப் பசுமையைக் காட்டிலும் இது பல மடங்கு வலுவான சான்று.

கூண்டும் ஆய்வகமும்

வயலில் கிடைத்த விடையை வயலால் மட்டும் விளக்க முடியாது. ஈ வராததால் தப்பியதா, வந்தும் தாங்கியதா என்பதைப் பிரித்தறிய இரு வழிகள் உண்டு. முதலாவது கூண்டுச் சோதனை. வைரஸ் அற்ற வெள்ளை ஈக்களைத் தனியே வளர்த்து, நோயுற்ற செடியில் போதிய நேரம் உறிஞ்ச விட்டு, பிறகு குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒவ்வொரு சோதனைச் செடியிலும் சிறு கூண்டுக்குள் அடைத்து வைப்பது. ஈக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாததால், ‘வராமல் தப்பிய’ இரகம் இங்கே பிடிபடும்.

இரண்டாவது வழி ஈயையே ஒதுக்கிவிடுவது. வைரஸின் டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி இரண்டையும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அந்தப் பாக்டீரியாவைச் செடியின் திசுவில் செலுத்தினால், வைரஸ் நேரடியாகச் செல்லுக்குள் சென்று பெருகத் தொடங்கும். இலைமயிரோ மணமோ இதில் செடிக்குத் துணை நிற்க முடியாது. எதிர்ப்பு செல்லுக்குள் இருந்தால்தான் செடி தப்பும். இந்திய ஆய்வாளர்கள் இந்த வைரஸின் இத்தகைய, நோயை உண்டாக்கவல்ல டிஎன்ஏ நகல்களை உருவாக்கியிருக்கிறார்கள். குஃப்ரி பஹாரை எதிர்ப்பு இரகமாகவும், வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்படும் குஃப்ரி புக்ராஜை எளிதில் நோய்ப்படும் இரகமாகவும் இணைவைத்து, தொற்றுக்குப் பின் இரண்டிலும் எந்தெந்த மரபணுக்கள் விழித்தெழுகின்றன என்று ஒப்பிட்ட ஆய்வுகளும் நடந்துள்ளன.

ஆய்வகத்தில் ‘வைரஸ் உண்டு, இல்லை’ என்ற இரு விடை போதாது. எவ்வளவு இருக்கிறது என்பது வேண்டும். வைரஸின் டிஎன்ஏ வட்டமானது என்பதால், வட்டத்தைச் சுழன்று சுழன்று பெருக்கும் நொதியைக் கொண்டு மிகச் சிறிய அளவையும் கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் அவ்வளவு நுட்பமான முறை, ஈயின் ஊசிவாய் விட்டுச்சென்ற சுவட்டைக்கூட ‘தொற்று’ என்று காட்டிவிடலாம். அளவைக் கூறும் நிகழ்நேர பிசிஆர் முறையில், தொற்றிய இலையிலும் அதற்கு மேல் புதிதாக விரிந்த இலையிலும் தனித்தனியே அளந்து, சில வார இடைவெளியில் மீண்டும் அளந்தால், வைரஸ் பெருகுகிறதா, தேங்கி நிற்கிறதா, மங்குகிறதா என்பது தெரியவரும். இரகத்தின் எதிர்ப்பை ஒற்றை எண்ணால் குறிப்பதைவிட இந்த ஏற்ற இறக்கத்தையே வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒய் வைரஸோடு ஓர் ஒப்பீடு

உருளைக்கிழங்கின் ஒய் வைரஸுக்கு எதிராக ‘ஆர்ஒய்’ எனப்படும் மரபணுக்கள் உண்டு. ஆண்டிஜெனா வகை உருளைக்கிழங்கு, காட்டினங்களான சொலானம் ஸ்டோலோனிஃபெரம், சொலானம் சாக்கோயன்ஸ் ஆகியவற்றிலிருந்து அவை பெறப்பட்டன. இவை உள்ள செடியை நோயுற்ற செடியோடு ஒட்டுக்கட்டினாலும் வைரஸ் அதில் பெருகுவதில்லை. இந்த மரபணு இருக்கிறதா என்று நாற்றுப் பருவத்திலேயே, அதை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறியீட்டால் அறிந்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நுனி இலைச்சுருட்டுக்கு இவ்வளவு தெளிவான கருவி கைவசமில்லை. குஃப்ரி பஹாரின் எதிர்ப்பு ஓர் ஒற்றை மரபணுவின் செயலாகத் தனித்துப் பிரித்தெடுக்கப்படாதவரை, இனப்பெருக்காளர் அதன் சந்ததிகளைக் கூண்டிலும் வயலிலும் கிழங்கிலும் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் தேற வேண்டும். உருளைக்கிழங்கு நான்மடிய மரபுத்தொகுதி (ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு படிகளில்) கொண்டது என்பதால் இந்த வேலை இன்னும் கடினம். ஒரு குணத்தைச் சந்ததிக்குக் கடத்த முனையும்போது நூற்றுக்கணக்கான மற்ற குணங்கள் கலைந்து போகின்றன. குஃப்ரி ரெட் என்ற உள்நாட்டு இரகத்தையும் கினிக்கே என்ற டச்சு இரகத்தையும் கலந்து உருவான குஃப்ரி பஹாரில் இந்த எதிர்ப்பு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று ஆராய்வது, குறியீடு தேடுவோருக்கு நல்ல தொடக்கமாக அமையும்.

குஃப்ரி பஹாரையே எல்லா இடத்திலும் நட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது முடியாது. இந்த இரகம் பின்பருவக் கருகல் நோய்க்கு எளிதில் இரையாகும். மூடுபனியும் ஈரமும் நீடிக்கும் ஆண்டில் ஒரே வாரத்தில் வயல் கருகிவிடக்கூடும். குறுகிய காலத்தில் கிழங்கு பருக்கும் இரகத்தைத் தேடும் விவசாயிக்கு, நடுத்தர வயதுடைய இது பொருந்தாது. குஃப்ரி புக்ராஜ் வைரஸுக்கு ஆளாகும் என்று தெரிந்தும் பஞ்சாபிலும் குஜராத்திலும் அதை விவசாயிகள் விடாமல் நடுவதற்கு அதன் விரைவான மகசூலே காரணம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கருகலையும் நுனிச்சுருட்டையும் ஒருங்கே தாங்கி, விரைவாகவும் விளையும் இரகம் வரும்வரை, நடவைச் சற்றுத் தள்ளிப்போடுவது, விதைக்கிழங்கைப் பூச்சிமருந்தில் நனைத்து நடுவது, முளைத்த முதல் வாரங்களில் வெள்ளை ஈயை அடக்குவது, நோயுற்ற செடியைக் கிழங்கோடு தோண்டி அகற்றுவது ஆகியவையே கைகொடுக்கும். இந்த வைரஸ் ஈயின் உடலுக்குள் சுற்றிவர நேரம் எடுத்துக்கொள்வதால் பூச்சிமருந்துக்கு இங்கே பயனுண்டு. விநாடிகளில் பரவும் ஒய் வைரஸிடம் அந்தப் பயன் மிகக் குறைவு.

சோதனையை விரிவாக்க வேண்டிய இடங்கள்

வட இந்திய விதை வடக்கிலேயே நின்றுவிடுவதில்லை. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் மானாவாரிப் பயிராக மே, ஜூன் மாதங்களில் நடப்படும் உருளைக்கிழங்கின் விதை பெருமளவு பஞ்சாபின் ஜலந்தர் பகுதியிலிருந்து வருகிறது. அந்த விதையில் வைரஸ் இருந்தால், அது நேரே வெப்பமான பருவத்துக்குள், தக்காளி வயல்களின் அருகே, வெள்ளை ஈக்களின் நடுவில் போய் முளைக்கிறது. நீலகிரியின் குளிர்ந்த சரிவுகளுக்கு இந்த அபாயம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், அங்கும் விதை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே இரகச் சோதனையை ஹிசாரோடு நிறுத்தாமல், விதை சென்று சேரும் பகுதிகளிலும் நடத்துவது நியாயம்.

வெள்ளை ஈ என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் பூச்சி, வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத பல மறை இனங்களின் தொகுதி என்பது இப்போது நன்கு நிறுவப்பட்டுள்ளது. எந்த இனம் எந்தப் பகுதியில் மேலோங்கி நிற்கிறதோ, அதைப் பொறுத்து வைரஸ் பரவும் வேகமும் மாறலாம். எனவே ஒரு வட்டாரத்து ஈயைக் கொண்டு கூண்டில் தேறிய இரகத்தை மற்றொரு வட்டாரத்து ஈயைக் கொண்டும், தக்காளியிலிருந்தும் உருளைக்கிழங்கிலிருந்தும் தனித்தனியே பெற்ற வைரஸ் மாதிரிகளைக் கொண்டும் மறுபடி சோதிக்க வேண்டும். குஃப்ரி பஹாரைப் பெற்றோராகக் கொண்டு உருவாகும் ஒவ்வொரு சந்ததிக்கும் இந்த மறுசோதனை தேவை. அதன் முடிவுகளை வெளியிடும்போது வயல் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே ஈக்களின் எண்ணிக்கை, ஒப்பீட்டு இரகத்தின் பாதிப்பு, கிழங்கில் வைரஸ் ஏறிய விகிதம் ஆகிய மூன்றும் ஒரே அட்டவணையில் இடம்பெற வேண்டும். விதைச் சான்றளிப்பவர்களும் அந்த மூன்றாவது நிரலைப் பார்த்த பின்னரே ஓர் இரகத்தை விதைப் பெருக்கத்துக்கு அனுமதிக்க வேண்டும்.